இடது இருக்கை

ருஸ்தாவிச் சந்தையில் வாங்கினேன்.
ஓடியது எண்பதாயிரம் கிலோமீட்டர் என்றான் விற்றவன்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்,
அதனால் ஒன்றரை லட்சம் என்று எடுத்துக்கொண்டேன்.
ஜப்பானில் பிறந்த வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம்.
எங்கள் ஜார்ஜியாவில் சாலையும் வலப்பக்கம்.
அதாவது, முன்னால் ஒரு லாரி போனால்
எனக்குத் தெரிவது அதன் பின்கதவும்
சேறு அப்பிய நம்பர் பலகையும் மட்டும்.
எதிரே வருவதைப் பார்க்கும் ஜன்னல்
சிசினோவினுடையது.

"இரு" என்பாள்.
மடியில் சூரியகாந்தி விதை, உதட்டில் பாதித் தோல்.
"இரு... இரு... பால்வண்டி... இரு..."
பிறகு "போ."
அந்த ஓரெழுத்தை நம்பி
இரண்டு உயிரையும் ஆக்ஸிலேட்டரில் வைத்து மிதிப்பேன்.
பதினோரு வருடம். ஒருமுறைகூடப் பிசகவில்லை.
சண்டை போட்ட நாளில் வாய் திறக்கமாட்டாள்.
அன்றெல்லாம் பசனாவுரி வரைக்கும்
ஆட்டு லாரி வாசனையைக் குடித்துக்கொண்டே போவோம்.

வண்டிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
முன் பம்பர் ஒரு பசுவோடு போயிற்று.
பசு எழுந்து நடந்தது, பம்பர் எழவில்லை.
ஆயில் மாற்றினேன், பிரேக் மாற்றினேன்,
என்ஜினை மட்டும் யாரும் தொட்டதில்லை.
மலைமேல் கோயில் தெரிந்தால்
கையை எடுத்து மூன்று முறை சிலுவையிடுவேன்.
"இப்போது ஓட்டுவது யார், கர்த்தரா?" என்று
இடப்பக்கமிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வாள்.

சாவி திருப்பியதும் உள்ளே ஒரு ஜப்பான்காரி பேசுவாள்,
தேன் தடவிய குரல், ஒரே வாக்கியம்.
தினமும் அவளுக்குக் காலை வணக்கம் சொல்வேன்.
"உன் இன்னொருத்தி" என்பாள் சிசினோ.
போன ஆவணியில் மிசுஹோ என்றொரு மாணவி
திதுபேயில் ஏறினாள், முன்சீட்டில்.
குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.
அவ்வளவுதான் சொல்கிறது" என்றாள்.

அப்போது சிசினோ போய் ஏழு மாதம்.
இத்தாலியில், பாரியில்,
யாரோ ஒரு முடங்கிய வக்கீலைக் குளிப்பாட்டி, சோறூட்டி,
மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறாள்.
குத்தாயிசி விமான நிலையத்தில்
பெட்டிக்கும் எனக்கும் நடுவே நின்று
என்னையே பார்த்தாள்.
என் பக்கத்திலிருந்து பாதை தெரியவில்லை.
ஆனாலும் நான்தான் சொன்னேன்:
"போ."

பயணிகள் இடது இருக்கையில் ஏறுகிறார்கள்.
நல்ல மனிதர்கள். சாக்லேட் தருகிறார்கள்.
அவர்கள் சொல்லும் "போ"வுக்கு என் கால் அசைவதில்லை.

நேற்று ஆளில்லாமல் திரும்பினேன்.
போனை இடப்பக்கக் கண்ணாடியோரம் ஒட்டி
வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன்.
கேமரா சாலையைப் பார்க்கிறது,
பாரியில் ஒரு சமையலறையிலிருந்து
அவள் என் சாலையைப் பார்க்கிறாள்.
"லாரியா? ஆர்மீனியாக்காரனா?
இன்னும் அதே குழி, மூடவில்லையா?"
பிறகு பழைய குரலில்: "போ."
கால் தானாக அழுந்தப் பார்த்தது.
எதிரே டேங்கர் ஒன்று
ஹாரனைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

இரண்டு நொடி.
அவள் வார்த்தை கடல் தாண்டி வர
அவ்வளவு ஆகிறது.

அதற்குப்பின் முந்த முயலவில்லை.
தக்காளி விலை பேசினோம், வக்கீலின் இருமல் பேசினோம்.
பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னாலேயே ஊர்வதைப் பார்த்து
லாரிக்காரனுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.
வலது இண்டிகேட்டரை இருமுறை மினுக்கினான்.
முகம் தெரியாதவன். கண்ணாடியில் ஒரு தொப்பி மட்டும்.
ஏனென்று தெரியவில்லை, மிதித்துவிட்டேன்.

தாண்டி, முன்னால்
ஒன்றுமே இல்லாத சாலைக்கு வந்தபிறகு
போனிலிருந்து வந்து சேர்ந்தது:

"இரு."