மூன்று நிமிடம் நாற்பது செக்கன்

‘ஈரமணல்’ என்று பெயர் வைத்தது தயாரிப்பாளர்.
ஒஸ்மண்ட் சவரிமுத்து கேட்ட பெயர்
‘கரண்ட் இல்லாத நேரம்.’
விலைபோகாது என்றார்கள்.

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை,
டயர்க் கடைக்கு மேலே ஸ்ரூடியோ.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருந்தோம்,
ரயில் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.
நான் மேசையில்.
அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையோடு பெடலை மிதித்தபடி.

பத்து உருப்படி. உண்மையைச் சொன்னால்
அதில் ஐந்து சீனிப்பாகு.
முதலாவதில் மெஷின் ட்ரம்,
ஈரத்துணி தோய்க்கிற சத்தம்.
இரண்டாவதில் ஒரு பெடியன் பாடுகிறான்,
காதல், காதல், பிறகும் காதல்;
கீபோட் பின்னால் கைகட்டி நிற்கிறது
கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் ஏழைத் தமையனைப் போல.
மூன்றாவதில் மாத்தறை ரயில் இருக்கிறது.
வெட்ட நேரமில்லை, விட்டுவிட்டோம்.
பத்திரிகையில் அதைத்தான் பாராட்டினார்கள்:
‘துணிச்சலான தாளப் பரிசோதனை.’

ஆறாவதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய கிழமை இப்படி:
ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் பூசைக்கு ஓர்கன்,
பின்னேரம் ராகமையில் பைலாக் கலியாணம்,
செவ்வாயும் வெள்ளியும் காலிமுகத்திடல் ஹோட்டலில்
வெயிலில் சிவந்த முழங்கால்களுக்கு
இடைஞ்சல் தராத இசை.
நடுவில் விசுக்கோத்து விளம்பரம்.
தொலைநாடகத்தில் மாமியார் திரும்பிப் பார்க்கும் இடம்.
ஒரு தேர்தலில் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டு,
ஒன்றுக்கு மேஜரில், மற்றதுக்கு மைனரில்.
மைனர் வென்றது.
இரண்டு வருடம் கப்பலில் வாசித்தார்,
கடல் பார்க்கவில்லை, பார் கீழ்த்தட்டில் இருந்ததாம்.

முதலில் அவரிடம் பியானோ இருந்தது.
எண்பத்துமூன்று யூலையில் அது வீட்டோடு போனது.
அதைப்பற்றி ஒருமுறைதான் பேசினார்,
கீபோட்டின் நிறையைச் சொல்லும்போது:
‘பதினோரு கிலோ. ஓடலாம்.’

ஆறாவது. கசெட்டின் மறுபக்கம்.
இரவு பன்னிரண்டு தாண்டியிருந்தது.
ட்ரம்காரன் போய்விட்டான்,
பாடுகிற பெடியனுக்குத் தொண்டை.
‘சும்மா ஓடவிடும் தம்பி’ என்றார்.
இடக்கை நான்கே சுரங்களில்
போவதும் வருவதுமாக இருந்தது,
வாசலில் யாரையோ காத்திருப்பவர் மாதிரி.
வலக்கை வரவில்லை, வரவில்லை,
வந்தபோது விசுக்கோத்து விளம்பரமாக வந்தது,
அரைவேகத்தில்,
குழந்தைகள் இல்லாமல்.
பிறகு அதற்குள்ளிருந்து பூசையின் கடைசி ஆமென்,
அந்த ஆமெனை பைலா இடுப்பில் தூக்கிக்கொண்டு
எங்கேயோ ஏறினார்.
எனக்குத் தேத்தண்ணி ஆறியது தெரியாது.
பதினான்கு நிமிடம்.
ஒரு ரயில்கூட வரவில்லை.

அடுத்த நாள் தயாரிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
ரேடியோ நாலு நிமிடத்துக்கு மேல் எடுக்காது.
வேறு யாருமில்லை, நான்தான்.
என் சுட்டுவிரல், நகமளவு கறுப்புக் கட்டை.
மூன்று நிமிடம் நாற்பது செக்கனில்
கீழே இழுக்கத் தொடங்கினேன்.
அவர் ஏறிக்கொண்டிருந்தார்,
நான் இறக்கிக்கொண்டிருந்தேன்.
சுருள் விற்ற விலைக்கு, மிச்சத்தின் மேல்
அடுத்த கிழமை பால்மா விளம்பரம் பதிந்தோம்.
அதற்கும் அவர்தான் வாசித்தார்.

கேட்டுவிட்டு,
‘நல்லது, மிச்சத்தை ஒருத்தரும் களவெடுக்கேலாது’ என்றார்.
கண்ணாடியில் ட்யூப்லைட் விழுந்திருந்தது,
சிரித்தாரா என்று தெரியவில்லை.

போன மாசம் தெகிவளையில் அவரை அடக்கம் செய்தோம்.
ஹோட்டல்காரர் மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள்,
பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.

இரவில் கசெட்டைப் போடுகிறேன்.
மூன்று நாற்பது வந்ததும்
சத்தத்தைக் கூட்டத் தொடங்குகிறேன்,
அன்று இழுத்த அதே வேகத்தில், எதிர்ப்பக்கமாக.
இரைச்சல். இன்னும் கூட்டுகிறேன்.
இரைச்சலுக்கு அடியில் ஒரு சுரம் கூடுதலாக,
நேற்று இரண்டு.
காதை ஸ்பீக்கரில் வைத்திருக்கும்போதே
ஏழாவது தொடங்கி
அந்தப் பெடியன் முழுச் சத்தத்தில்
காதல் என்று கத்துகிறான்,
பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது,
லைட்டுகள் எரிகின்றன.