பத்து இருபத்தெட்டு

கல்முனைப் பழைய இரும்புக்காரர்
எனக்கு அழைக்க முன்னமே
பேரின்பப் பத்தருக்கு அழைத்துவிட்டார்.
கோபமில்லை.
பொன் பூசிய கால் உள்ள எதையும்
பத்தர் கிராம் கணக்கில் வாங்குவார்,
நான் ஆண்டுக் கணக்கில் வாங்குகிறவள்.

போய்ச் சேர்ந்த நேரம்
மூளை திராவகத்தில் கிடந்தது:
வெள்ளைப் பீங்கான், பொன் மூடி, நாற்பது கால்.
எழுபத்தெட்டிலோ ஒன்பதிலோ
யாரோ தபாலில் வரவழைத்து
தன் கையால் ஈயம் பற்றவைத்த கணினி.
பெட்டி இல்லை, திரை இல்லை.
ஒரே பச்சைப் பலகை,
கல்குலேட்டர் விசைகள்,
ஆறு சிவப்பு இலக்கம்.

"குன்றிமணியில காலும் தேறாது புள்ள"
என்றார் பத்தர், ஏமாந்த குரலில்.
மிச்சப் பலகையை வாங்கினேன்.
இருந்து, அந்தப் பொட்டுத் தங்கத்தையும் வாங்கினேன்.
மாத்திரை உறையில் போட்டு மேலே எழுதினேன்:
பாகம் ஏழு. மூளை. உருக்கியது.

கல்லடியில் என் வீடு.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியின் ஈ.சீ.ஜீ. மெஷின்களுக்கு.
கடலுக்கும் வாவிக்கும் நடுவில்
செம்புக்கு ஓய்வில்லை;
சோளகத்தில் ஒரு பச்சை பிடிக்கும்,
வாடையில் வேறொரு பச்சை.
வினாகிரி, பல் தூரிகை, சேர்ஜிகல் ஸ்பிரிட்.
மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்காப் பொட்டணங்களை
வார்டு வார்டாகக் கேட்டு வாங்குவேன்.
நேர்ஸ்மார் காரணம் கேட்பதை விட்டு
நாலு வருசமாகிறது.

நினைவுச் சில்லு ஒன்றில் சின்னக் கண்ணாடிச் சாளரம்.
அதற்குள் வெயில் புகுந்தால்
சில கிழமையில் எழுதியதெல்லாம் போய்விடும்.
யாரோ காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டி
பேனாவால் எழுதியிருந்தார்: யூ.எல்.எம்.
மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும்
ஆயிரம் பேருக்குப் பொருந்துகிற மூன்று எழுத்து.

உருகிய மூளைக்குப் பதில்
அதே இலக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒன்று
என் பேணிக்குள் கிடந்தது.
போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்.
சிவந்து எழுந்தது.
கடைசி இலக்கத்தில் மட்டும்
நடுக்கோடு எரியவில்லை.

விலாசம் அழுத்து, பெறுமதி பார்,
சீ.ஆர். கொப்பியில் எழுது, அடுத்தது.
மூன்று இரவு ஒன்றும் விளங்கவில்லை.
நாலாம் இரவு, ஒரு மூலையில்:

07 30
07 50
00 30
09 10

நள்ளிரவு அரை மணிக்கு என்ன வேலை?
நடுக்கோடு இல்லாத எட்டு, சைபர்.
08 30.
கொப்பியோடு எழுந்து நின்றுவிட்டேன்.
பள்ளிக்கூட மணி!

ஐந்து நாள், ஐந்து வரிசை.
ஐந்தாவது 11 30 உடன் நின்றுவிடுகிறது.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு விடுகிற பள்ளிக்கூடம்.
மருதமுனையா, நிந்தவூரா, அக்கரைப்பற்றா,
பலகை சொல்லவில்லை.
மணியடித்த மனிதருக்குப் பிறகு
என்ன வேலை கொடுத்தார்கள் என்பதையும்.

இடைவேளை 10 20 என்று இருந்தது.
பாடத்துக்கு நாற்பது நிமிடம் என்றால்
10 30 அல்லவா வரவேண்டும்?
கழித்துப்போட்ட மெஷினிலிருந்து
இலக்கமொன்றைக் கழற்றி மாற்றினேன்.
(குறிப்பில் எழுதினேன்: மாற்றியவை, இரண்டு.)

10 28.

விரல் தவறியதென்றால் ஒருமுறை தவறும்.
இது ஐந்து வரிசையிலும்.
மறுபடி உள்ளே போகும் மணி மட்டும்
ஒழுங்காக, 10 50.

"முப்பதாக்கி விடுங்கோவன், பிழைதானே"
என்றான் கூட வேலைசெய்யும் தவனேசன்.
துருவைத் துடைப்பேன்.
காலை நிமிர்த்துவேன்.
இதில் கை வைக்கமாட்டேன்.

அன்றிரவு ரிலே ஒன்றைப் பொருத்தினேன், மணி இல்லாமல்.
நேரத்தை 10 27 என்று கொடுத்தேன்.
தெருவில் நாய் ஒன்று.
பாலத்தில் கடைசி லொறி.
டக்.

அடுத்த இரண்டு நிமிடமும்
எதையும் தொடாமல் இருந்தேன்.