குடியோட்டி

ஊத்துக்குளித் தண்டவாளத்துக்குத் தெற்கே
கிளுவை வேலி பிடுங்கிப்போட்ட கொரங்காட்டில்
மனைக்கல்லுக்கு மனைக்கல் மஞ்சள் பூத்திருக்கிறது.

தண்டை ஒடித்தேன். பாலும் மஞ்சள்.
இதழ் ஆறு, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.
இலை நரம்பெல்லாம் சுண்ணாம்பு தடவிய வெளுப்பு,
ஓரமெல்லாம் முள்.
காய்க்குள் கடுகு மாதிரி, கடுகு அல்லாதது.
சந்தேகமில்லை.
கல்லூரி உலர்செடிக் கூடத்துக்கு
நான் எழுத வேண்டியது ஒரு சீட்டுதான்:
இனம், இடம், தேதி, உள்ளூர்ப் பெயர்.

இனம்: ஆர்ஜிமோன் மெக்சிகானா.
பின்பாதி, வந்த ஊர்.
முன்பாதி கிரேக்கம், கண்ணில் விழும் வெள்ளை.
அந்த நோய்க்கு அங்கே பிழிந்த செடி வேறு.
அதன் பெயரைக் கழற்றி இதற்கு மாட்டிவிட்டார்கள்,
தோள் பிடிக்கிறதா என்றுகூடக் கேட்காமல்.

எருமைக்கு மேவு தேடி வந்த தெய்வாத்தாள்
"பிரம்மதண்டுங்க" என்றாள்.
கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி
"குடியோட்டினும் சொல்லுவாங்க.
இது மொளச்ச ஊட்டுல குடி தங்காதுங்க."
எந்த வீட்டில் என்றேன்.
சாளை இருந்த இடத்தைக் காட்டினாள்.
இருந்தவர்கள் எப்போது போனார்கள்?
"வித்துப்போட்டுப் போயி நாலு வருசமாச்சுங்."
இது எப்போது முளைத்தது?
"போன மழைக்குத்தானுங்."
சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.
எருமை இதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்து மில் விடுதிக்குப் போகிற பெண்ணொருத்தி,
கும்லாக்காரி, குனிந்து பார்த்து
"சத்யானாசி" என்றாள்.
எனக்குச் சத்தியம் என்றுதான் கேட்டது.
உள்ளங்கையை விரித்து ஊதிக் காட்டினாள்:
எல்லாம் போச்சு.
அங்கேயும் பழி இதன்மேல்தான் போல.

பெயர் கேட்டேன். பூல்மணி.
கழுத்தில் தொங்கிய அட்டையில் பூமணி.
தப்பா எழுதிட்டாங்களா?
"அர்த்தம் ஒண்ணுதான அக்கா" என்றாள், தமிழில்.
மூன்று வருடமாக அந்தப் பெயருக்குத்தான்
சம்பளம் வருகிறதாம்.

உள்ளூர்ப் பெயர்க் கட்டத்தில்
குடியோட்டி என்று எழுதிக்
கேள்விக்குறியும் போட்டேன். துறைத்தலைவர் அடித்துவிடுவார்.
செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துக் கட்டி,
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
வீட்டில் பிரித்தபோது
பால் கசிந்து தேதியின்மேல் காய்ந்திருந்தது.
மூன்றா, எட்டா,
எனக்கே தெரியவில்லை.