மின்தூக்கி நிற்காத மாடி

ஊறுகாய்ப் போத்தலை அவரிடம் நீட்டினேன்.
கைலியில் சுற்றித் திருகினார்.
வெந்நீரில் காட்டித் திருகினார்.
கரண்டிக் காம்பால் மூடி விளிம்பில் நாலு தட்டு.
பிறகு கம்பெனிக்காரனைத் திட்டினார்:
"இப்பல்லாம் ரொம்ப இறுக்கி விடுறான்."
செம்பவாங் கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருடம் சங்கிலி இழுத்த கை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று தயிருக்கு அப்பளம்.

யீஷூன் பலதுறை மருந்தகத்தில்
ஹுய் ஷான் என்ற பெண் ஒரு கைப்பிடியைத் தந்து
அழுத்துங்கள் என்றாள்.
பல்லைக் கடித்து அழுத்தினேன்.
என் நாத்தனாரை நினைத்துக்கொண்டும் அழுத்தினேன்.
பதினாறு கிலோ.
பதினெட்டாவது வேண்டும் என்றாள்,
அவள்தான் குறைத்துவிட்டதுபோல.
முப்பது நொடியில், கை ஊன்றாமல்,
நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுவேன் என்று எண்ணினாள்.
ஏழு.
எட்டாவதில் பாதி.
பாதியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்.

எடை மட்டும் மாறவில்லை.
நாற்பதில் அறுபத்திரண்டு கிலோ,
அறுபத்தெட்டிலும் அறுபத்திரண்டு.
கல்யாண வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.
கதவு எண் அதேதான்,
உள்ளே குடித்தனம் மாறிவிட்டதை
தராசு சொல்லவில்லை.
தசை ஒவ்வோர் அறையாகக் காலி செய்ய
கொழுப்பு பாய் தலையணையோடு வந்து
காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

அப்போதெல்லாம் எங்கள் புளோக்கில் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பதில்தான் நிற்கும்.
நாங்கள் ஏழில்.
ஐந்தில் இறங்கி ஏறலாம்,
ஒன்பதுக்குப் போய்க் கீழே வரலாம்.
பத்துக் கிலோ அரிசி, இடுப்பில் மகன்,
பல்லிடுக்கில் சாவி.
நான் ஐந்தில்தான் இறங்குவேன்.
ஒன்பது சோம்பேறிகளுக்கு.
முப்பத்திரண்டு படி. அவன் அழாதிருக்க
எண்ணிக்கொண்டே ஏறுவேன்.
நர்சரிக்குப் போகும்போது அவனுக்கு
முப்பத்திரண்டு வரை தெரியும், அதற்கு மேல் தெரியாது.

பிறகு வீவக சுவரைக் குடைந்து
மாடிக்கு மாடி கதவு வைத்தது.
வாக்குப் போட்டுத்தான் வாங்கினோம், நானும் போட்டேன்.
அடுத்த வீட்டு ரொகாயா கேக் கொடுத்தாள்.
மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கக் கற்றுக்கொண்டது.
என் தொடை ஏறுவதை மறக்கத் தொடங்கியது
அதே வாரமாக இருக்கலாம்.

இப்போது புரிகிறது:
தசை படிவழியே இறங்குகிறது,
கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.
வலு மின்தூக்கியில் போகிறது.

செவ்வாய், வெள்ளி என்றால் கோயில்
என்று இருந்தவள்
செவ்வாய், வெள்ளி கீழ்த்தள நிலையத்தில்
இரும்பு தூக்குகிறேன்.
ஃபைசல் முட்டை சாப்பிடச் சொன்னான்.
புரட்டாசி என்றேன்.
தௌகுவா என்றான், விடாமல்.
ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை,
வலியைத் தவிர.
பன்னிரண்டாவது வாரம் நாற்காலி பதினொன்று.
கைப்பிடி பதினேழு.
ஒரே ஒரு கிலோ. சீனிப் பொட்டலம் அளவு.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வரமாட்டார்.
"நான் தூக்காததையா?" என்பார்,
சோபாவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

ஒரு ராத்திரி கழிவறையிலிருந்து குரல்.
பெயர் சொல்லவில்லை, "இந்தா" என்று.
பேசினைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.
ஃபைசல் சொன்னதுபோல முதுகை வளைக்காமல்
இடுப்பை மடக்கி,
குதிகாலால் தரையை அமுக்கி,
அவர் அக்குளில் கை கொடுத்து,
ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி
எழுந்தோம்.

படுக்கையில் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்திருந்தார்.
"நாளைக்குச் செவ்வாய்தானே?"

சனிக்கிழமை அன்று.
நான் திருத்தவில்லை.