டீ ஃபிளாஸ்க்

வாழப்பாடி தாண்டினால்
காற்றே புளிக்கும்.
ஜவ்வரிசி ஆலைகள் ஓடும் மாதம்.
தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்த திப்பியை
அர்த்தநாரியின் எட்டு மேச்சேரி ஆடுகள்
ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்தன.
ஏழு எழுந்து நடந்தன.

எட்டாவதின் இடது விலாவில் கை வைத்தேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை புரள வேண்டிய வயிறு
தளும்பியது,
அரைக்குடம் போல.

குழாய் விட்டு எடுத்த சாறு
பால் நிறம். பழந்தயிர் வாடை.
தாள் தொட்டதும் சிவந்தது.

நுண்ணோக்கியில் குனிந்தேன்.
முந்தாநாள் வரை அங்கே
கொழுக்கட்டைப் புல்லின் நாரைக் கட்டிக்கொண்டு
அவசரமில்லாமல் பிரித்துப்போட்டவர்கள் இருந்திருப்பார்கள்.
நடுவே, உடம்பெல்லாம் மயிர் முளைத்த பெரிய உயிர்கள்,
கல்யாண மண்டபத்துப் பிள்ளைகள் போலக்
குறுக்கும் நெடுக்கும்.

இப்போது ஓட்டமே இல்லை.
மணி கோத்தாற்போல் ஒரே கூட்டம்:
மாவைக் கண்டால்
அரைமணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகும்,
தின்றதைப் புளிப்பாகக் கக்கும்,
அந்தப் புளிப்பில்
பக்கத்து வீட்டுக்காரரெல்லாம் செத்தபின்
தானும் சாகும்.

"யாராச்சும் விஷம் வெச்சுட்டாங்களா?"
இல்லைங்க. விருந்து.

சோடா உப்பு கரைத்து ஊற்றினேன்.
புளிப்பு அடங்கும்.
குடி திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை, நல்லவேளை.
ஆத்தூர் ரோட்டில் அன்வர்தீன் கடையில்
அப்போதுதான் அறுத்த கிடா,
சேர்வராயன் அடிவாரத்தில் மேய்ந்தது.
"வயித்துல இருக்கறது வேணும்."
"எருவுக்கா டாக்டரம்மா?"
"குடிக்க" என்றேன்.
"ஆட்டுக்கு" என்று சேர்ப்பதற்குள்
கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

துணியில் வடிகட்டி
வீட்டு டீ ஃபிளாஸ்க்கில்
கழுத்து வரை நிரப்பினேன்.
காற்றுப் பட்டால் சாகிறவர்கள்,
குளிர்ந்தாலும் சாகிறவர்கள்.
ஸ்கூட்டரில் கால்களுக்கிடையில்
பச்சை வாடையோடு
பன்னிரண்டு கிலோமீட்டர்,
ஒரு மலைச்சரிவைக் கொண்டுபோனேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் சாயங்காலம்
தொண்டைக்குள் ஓர் உருண்டை மேலேறியது.
தாடை இடமிருந்து வலம் போனது.
அர்த்தநாரி பீடியை அணைத்துவிட்டுப்
பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனி திப்பியே ஆகாதுங்களா?"
ஆகும். முதல் வாரம் ஒரு கைப்பிடி,
அடுத்த வாரம் இரண்டு.
ஆடு எங்கே தின்கிறது,
உள்ளே இருப்பவர்களுக்குப் பரிமாறுகிறது.
அவர்கள் பழக வேண்டும்,
பழகாதவர்கள் மெல்ல ஒதுங்க வேண்டும்.

என்ன புரிந்ததோ,
ஏழு ஆடுகளையும் ஒருமுறை
புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஃபிளாஸ்க்கை மூன்று தரம்
வெந்நீரில் கழுவி வைத்தேன்.
வீட்டில் யாரும் அதில்
டீ ஊற்றுவதில்லை.