கட்டுப்பணம்

முதல் தடவை பிரதேச சபை.
சுயேச்சைக் குழு, இலக்கம் நான்கு.
தராசு கேட்டோம். தரவில்லை.
கிடைத்தது கேத்தில்.

டிப்போச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
"என்ன, தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று
பதினெட்டு நாளும் கேட்டார்கள்.
சட்டத்தரணி பவளராணி அக்கா
"இன்னும் அடுப்பே மூட்டேல்லை" என்று சொல்லிவிட்டு
அடுத்த படலையைத் திறந்தா.

நான் அவாவின் கிளாக்கர்.
கிளிநொச்சியில், டயர் கடைக்குப் பின்னால்,
வெயிலுக்குப் பொருமுகிற தகரத்தின் கீழ்
வேட்புமனுவை நான்தான் அடித்தேன்,
கள்ளமணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு மெசினுக்கு
மனு அடித்த கையோடு.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு.
கட்டுப்பணம் போனது.
பற்றுச்சீட்டைக் கோப்பில் குத்தி வைக்கச் சொன்னா.
"தோத்த வழக்கின்ர கட்டையும் ஆரும் எறியிறேல்லை."

இரண்டாம் தடவை பாராளுமன்றம்.
பட்டியலில் ஒரு பொம்பிளைப் பேர் குறையுதாம் என்று
ஒரு கட்சி இரவு ஒன்பது மணிக்கு வந்தது.
விருப்பு இலக்கம் ஏழு.
சுவரொட்டியில் தலைவர் ஆளுயரம்,
அக்கா முத்திரை அளவு.
அந்த முத்திரையையும் வட்டக்கச்சியில்
மாடு நக்கிக் கிழித்திருந்தது.

இடையில் நீதவான் பரீட்சை.
எழுத்தில் தேறினா.
நேர்முகத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி
"நீங்கள் தேர்தலில் நின்றவராமே?" என்றாராம்.
"நிண்டனான் ஐயா, ஒருக்காலும் இருக்கேல்லை."
சிரித்தார்களாம். கடிதம் வரவில்லை.
மறுமுறை விண்ணப்பம் கோரியபோது
வயது நாலு மாதம் கடந்திருந்தது.

சட்டத்தரணிகள் சங்கத் தலைவர் பதவிக்கும் இரண்டு முறை.
அதில் தோற்றது ஒரு வாக்கால்.
அந்த ஒரு வாக்கு ஆருடையது என்று
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை,
எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

அக்கராயன் மனோன்மணி
வன இலாகா கல்லு நட்ட காணிக்காக
ஆறு வருடமாக வருகிறவ.
தேர்தலுக்கு மறுநாள் விடிய
அக்கா வரமுதலே வாசலில் நிற்கிறா,
கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்,
முகத்தில் தாங்கேலாத நிம்மதி.
என் காதுக்குள் சொன்னா:
"பிள்ளை வெண்டு கொழும்புக்குப் போனா
என்ர வழக்குக்கு ஆர் தம்பி எழும்புறது?"

பின்னால் பன்னங்கண்டி ஆக்கள்,
ஜீவனாம்சத்துக்கு அலைகிற மூன்று பெட்டைகள்,
கால்நடை வழக்குக் கிழவர்,
எல்லோரும் பையும் கோப்புமாய்.
தோல்வியை விசாரிக்க வந்த கூட்டம் என்று
வீதியால் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.
அக்கா மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
ஒவ்வொரு முகமாகப் பார்த்தா.
வாக்கு எண்ணுகிற மாதிரி.

என்னையும் பார்த்தா.

நான் சொல்லியிருக்க வேண்டும்.
மட்டை மறைப்புக்குள், நூலில் கட்டிய பேனையோடு
நான் நின்ற நேரம் கொஞ்சம் கூட.
ஐந்தைத் தொட்டேன், ஒன்பதைத் தொட்டேன்,
ஏழைத் தொடவில்லை.
மகளுக்கு அந்த வருடம் சாதாரண தரம்.
கந்தோர் பூட்டினால் எனக்கு வேறு என்ன தெரியும்?
விரலில் இருந்த மை பதினொரு நாள் போகவில்லை.
தட்டச்சு விசையில் ஒவ்வொரு எழுத்தாக
அதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மாகாண சபையாம்.
எப்போது வரும் என்று கச்சேரிக்கும் தெரியாது.
அக்கா ஸ்ரூடியோவில் புதுப்படம் எடுத்துவிட்டா,
வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட்டு,
காதோரம் நரையை மறைக்கவில்லை.
மனுவை அடித்து வைத்திருக்கிறேன்,
வயதுக்கு மட்டும் இடம் விட்டு.

நேற்று வழக்குக்கு வெளிக்கிடும்போது,
கோட்டின் கையைச் சரிசெய்தபடி,
திரும்பிப் பாராமல் கேட்டா:
"இந்தமுறை எண்டாலும் போடுவியோ?"

நான் ஸ்ரேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அது என் கையில்தான் இருந்தது.