நாற்பத்தொன்பது நாள்

எட்டு வருடம் பொத்தான்களுக்கு நிறம் பூசினேன்.
ஒஸ்லோவில் யாரோ பல் பிடுங்க நேரம் குறிக்கையில்
அழுத்துகிற பொத்தான்.
நீலம், அதைவிடச் சற்று வெளிறிய நீலம்,
விரல் பட்டதும் கொஞ்சம் உள்வாங்கி எழும் நீலம்.
கரடிப்போக்குச் சந்தியில் சீமெந்துக் கடைக்கு மேலே அலுவலகம்;
கீழே லொறி மூட்டை இறக்கும்போது
என் திரை மெல்ல நடுங்கும்.
அந்த நடுக்கம் ஒன்றுதான்
நாளில் நான் எதிர்பாராதது.

கடைசி வருடத்தில் கை தானாக எழுதியது.
மத்தியானத்துக்கு என்ன கறி என்று நான் யோசித்திருக்க
வேலை முடிந்து கிடக்கும்,
பிழையில்லாமல்.
பிழையில்லாமல் என்பதுதான் பயமாயிருந்தது.

சேந்தன் கூப்பிட்டு, "இனி அணிக்குத் தலைமை நீர்தான்" என்றார்.
"பின்னறைக்குப் போகட்டோ?" என்று கேட்டேன்.

பின்னறையில் மூன்று பேர், ஒரு மின்விசிறி,
ஈயம் உருகும் வாசம்.
குளங்களின் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்கிறார்கள்.
நகத்தளவு சில்லு. அதில் மொத்த இடமும்
என் பழைய பக்கத்தின் ஒரு படத்துக்குக் காணாது.
சம்பளம் பதினெட்டாயிரம் குறையும்.
"உமக்கென்ன விசரே?" என்றார் சேந்தன், மரியாதையோடு.

வீட்டில் சுதர்மன் லீசிங் கடிதத்தை
மடித்தான், திரும்ப விரித்தான்.
"அங்க அப்பிடி என்ன இருக்கு?"
தெரியாது என்றேன்.
அந்தத் தெரியாததுதான் இருக்கிறது என்று சொல்ல
இரவு பதினொரு மணிக்குத்தான் வாய் வந்தது.
அவன் நித்திரை.

முதல் இரண்டு நாளும்
ஒரு சிவப்பு விளக்கை மின்னவைக்க ஏலவில்லை.
என்னிலும் ஆறு வயது இளைய பிருந்தாபன்
எட்டிப் பார்த்துக் கம்பியை மற்றக் காலுக்கு மாற்றிவிட்டு
பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போனான்.
மேசையில் 'முதுநிலைப் பொறியியலாளர்' என்றிருந்த பலகையை
நானே எடுத்து லாச்சிக்குள் வைத்தேன்.
ஆயிரத்து நூறு பக்கக் கையேடு.
ஒரு வசனத்தை மூன்றுதரம் வாசித்தும் விளங்காத சுகத்தைப்
பள்ளிக்கூடத்தோடு மறந்திருந்தேன்.
சுகம் என்று எழுதிவிட்டேன்;
அன்றைக்கு அழுததையும் எழுதவேண்டும்.

பிறகு அக்கராயன் குளத்துக் கருவி வாயடைத்தது.
மதகடியில் பெட்டி பத்திரம், பற்றரி சரி,
செய்தி மட்டும் இல்லை.
நிப்பாட்டிப் போட்டால்
ஒன்றும் நடக்காததுபோல் பேசும்.
இடி என்றார்கள், குரங்கு என்றார்கள், சிக்னல் என்றார்கள்.
முறைப்பாடு வந்த திகதிகளை
ஒரு துண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதினேன்.
மார்ச் இரண்டு. ஏப்ரல் இருபத்தொன்று. ஜூன் பத்து.
ஐம்பது நாள், ஐம்பது நாள்.
இடிக்கும் குரங்குக்கும் கலண்டர் இல்லை.

சில்லுக்குள் ஓர் எண்ணி,
உயிர்வந்த கணம் தொட்டு மில்லிசெக்கனாய் எண்ணும்:
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
அதற்குமேல் எண்ண இடமில்லை.
நாற்பத்தொன்பது நாளும் பதினேழு மணித்தியாலமும் போக
திரும்பப் பூச்சியம்.
எங்கள் நிரலோ
இனி வரவே வராத ஒரு நேரத்துக்காக
மதகடியில் காத்துக்கொண்டிருந்தது.

திருத்தம் ஒரு வரி.
கூட்டி ஒப்பிட்டதைக் கழித்து ஒப்பிட்டேன்.
எட்டாம் வகுப்புப் பிள்ளை
சமனுக்கு அந்தப்பக்கம் மாற்றி எழுதுகிற வேலை.
பதினொரு நாள் எடுத்தது.
பிருந்தாபன் பார்த்து "சா!" என்றான்.

சோதிக்க அத்தனை நாள் தேவையில்லை;
எண்ணியை விளிம்பில் வைத்துத் தொடங்கினால் ஒரு நிமிடம்.
சோதித்தேன், சரி.
ஆனாலும் குளத்தடிப் பெட்டிக்கு
நாள் எண்ணினேன், லீசிங்காரன் எண்ணுவதுபோல.

ஐம்பதாம் நாள் சோளகம் அடித்துக்கொண்டிருந்தது.
காலை ஆறு மணிக்குச் செய்தி:
ஒன்பதடி இரண்டங்குலம்.
நேற்றையிலும் ஓரங்குலம் குறைவு,
வேறு விசேஷம் இல்லை.
சுதர்மனுக்குக் காட்டினேன்.
"தண்ணி வத்துது" என்றான்.
ஓம் என்றேன்.

பஸ்சில் அறுநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன்.
விளங்கவில்லை.